மாதக் கட்டணத்தைக் கூட்டிவிட்டார்கள், போன் கான்ட்ராக்டை முறிக்கலாமா?

கேள்வி: லண்டனில் ஹாரோவில் இருக்கிறோம். போனும் சிம்மும் சேர்த்து 24 மாத கான்ட்ராக்ட் எடுத்தேன். மாதம் 38 பவுண்டு. 9 மாதம் கட்டியாயிற்று. ஏப்ரலில் இருந்து கட்டணம் கூடுகிறது என்று இப்போது எஸ்.எம்.எஸ். வந்திருக்கிறது. அம்மாவின் சிம்மும் என் பெயரில்தான். அதன் 12 மாதம் எப்போதோ முடிந்துவிட்டது, அதற்கும் கூடுகிறதாம். நடுவில் விலையைக் கூட்டினால் அபராதம் இல்லாமல் விலகலாம், டைரக்ட் டெபிட்டை நிறுத்திவிட்டால் போதும் என்கிறார் நண்பர். சரிதானா?

பதில்: டைரக்ட் டெபிட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். அதை நிறுத்துவதால் கான்ட்ராக்ட் முடியாது, பாக்கிதான் ஏறும். பாக்கி டீஃபால்ட்டாக, அதாவது கட்டத் தவறிய கடனாகப் பதிவானால் உங்கள் கிரெடிட் ஃபைலில் ஆறு வருடம் நிற்கும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது இந்த 38 பவுண்டு முன்னால் வந்து நிற்க வேண்டுமா?

நண்பர் சொன்னதில் மீதி, பாதி உண்மை. பிரிட்டனில் தொலைத்தொடர்புக்கு விதி போடும் ஆஃப்காம், கான்ட்ராக்ட் நடப்பில் இருக்கும்போது அதன் நிபந்தனையைக் கம்பெனி மாற்றினால் குறைந்தது ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்கிறது. அந்த மாற்றம் உங்களுக்கு முழுக்க நன்மையாக இருந்தாலோ, சட்டமே கட்டாயப்படுத்தியிருந்தாலோ, பாதிப்பே இல்லாத வெறும் நிர்வாகத் திருத்தமாக இருந்தாலோ தவிர, அபராதம் இல்லாமல் விலகும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்த உரிமை இருப்பதையும் அவர்களே எழுதித் தெரிவிக்க வேண்டும்.

இதில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் ‘மாற்றினால்’ என்பதுதான். ‘வருடா வருடம் ஏப்ரலில் இவ்வளவு கூடும்’ என்று நீங்கள் சம்மதித்த காகிதத்திலேயே இருந்தால், ஏப்ரலில் அவ்வளவு கூடுவது மாற்றமே இல்லை. ஒப்புக்கொண்டது நடக்கிறது, அவ்வளவுதான். 2023-இல் ஓ2 நெட்வொர்க் வாடிக்கையாளர்களுக்கு 17.3 சதவீதமும், ஈஈ நெட்வொர்க் வாடிக்கையாளர்களுக்கு 14.4 சதவீதமும் கூடியபோது கூச்சல் போட்டவர்கள் பலர், அபராதமின்றி வெளியே வர முடிந்தவர்கள் இல்லை. ‘பணவீக்கம், அதற்கு மேல் 3.9 சதவீதம்’ என்ற வரி அவர்கள் கான்ட்ராக்டில் இருந்தது. பணவீக்கம் 10, 13 என்று ஏறும் என்று கையெழுத்துப் போடும்போது யாருக்குத் தெரியும்? என்னைக் கேட்டால் அது வாடிக்கையாளரின் கண்ணைக் கட்டிவிட்டுச் செய்த வியாபாரம்.

ஆஃப்காமும் கடைசியில் அந்த முடிவுக்குத்தான் வந்தது. 2025 ஜனவரி 17 முதல் போடப்படும் கான்ட்ராக்டுகளில் பணவீக்கத்தையோ சதவீதத்தையோ காட்டி விலையேற்ற முடியாது. எந்தத் தேதியில் எத்தனை பவுண்டு எத்தனை பென்ஸ் கூடும் என்று விற்கும்போதே கண்ணில் படும்படி சொல்ல வேண்டும். உங்களுடையது 9 மாதப் பழையது, ஆகவே இந்த விதிக்குள் வருகிறது. அதற்கு முந்தைய 24, 36 மாத கான்ட்ராக்ட் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவர்களுக்குப் பழைய சதவீதக் கணக்கே தொடரலாம்.

இப்போது உங்கள் ஈமெயிலைத் திறந்து, போன் எடுத்த நாளில் வந்த கான்ட்ராக்ட் சம்மரியைத் தேடுங்கள். ஐம்பது பக்க நிபந்தனைகள் வேறு, இது வேறு. இது ஒரு பக்கம்தான். போனும் சேர்ந்தால் மூன்று பக்கம் வரை போகும். விலை என்ற தலைப்பின் கீழ், ‘மார்ச் 31 வரை மாதம் 16 பவுண்டு, ஏப்ரல் 1 முதல் 17 பவுண்டு 80 பென்ஸ்’ என்பது போல ஒரு வரி இருக்கும். அதையும் எஸ்.எம்.எஸ்.ஸில் வந்த தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றென்றால் விலகும் உரிமை இல்லை. எஸ்.எம்.எஸ்.ஸில் கூடுதலாக இருந்தாலோ, சம்மரியில் அப்படி ஒரு வரியே இல்லாவிட்டாலோ, உரிமை உண்டு.

வித்தியாசம் சில்லறையாக இருந்தாலும் பரவாயில்லை. 2025 அக்டோபரில் ஓ2 இதைத்தான் செய்தது. வருடா வருடம் மாதக் கட்டணம் 1 பவுண்டு 80 பென்ஸ் கூடும் என்று சொல்லி விற்ற கான்ட்ராக்டுகளுக்கு, 2026 ஏப்ரலில் 2 பவுண்டு 50 பென்ஸ் கூடும் என்று அறிவித்தது. ஆஃப்காம் வெளிப்படையாகவே அதிருப்தி தெரிவித்தது. ஆனாலும் விலையேற்றத்தைத் தடுக்கவில்லை, அந்த விதி தடுப்பதற்கானதும் இல்லை. வாடிக்கையாளர்களுக்குக் கிடைத்தது அபராதமின்றி வெளியேற 30 நாள் அவகாசம். சொன்னபடி பெரிய தொகை கூடியிருந்தால் கதவு திறந்திருக்காது, சொன்னதைவிட 70 பென்ஸ் கூடியதால் திறந்தது.

அந்த 30 நாள் உங்களுக்கு அறிவிப்பு வந்த நாளில் இருந்து ஓடத் தொடங்கும். ஏப்ரல் பில் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். பில் கைக்கு வரும்போது கெடு முடிந்திருக்கும்.

அடுத்தது போன். உங்கள் 38 பவுண்டு ஒரே கான்ட்ராக்டா, இரண்டா என்று பாருங்கள். இப்போது பல கம்பெனிகள் போனுக்குத் தனிக் கடன் ஒப்பந்தம், சிம்முக்குத் தனி என்று பிரித்துத்தான் கொடுக்கின்றன. அப்படிப் பிரிந்திருந்தால், கூடுவது சிம் கட்டணம் மட்டும். உரிமையைப் பயன்படுத்தி விலகினாலும் போனின் பாக்கியைக் கட்டித்தான் ஆக வேண்டும். உதாரணத்துக்கு 38-இல் 22 போனுக்கு, 16 சிம்முக்கு என்று வைப்போம். 15 மாதம் பாக்கி. உரிமை இருந்தால் சிம்முக்கான 240 பவுண்டு உங்கள் தலையில் விழாது, போனுக்கான 330 பவுண்டு இருக்கும். உரிமை இல்லாமல் விலகினால் அந்த 240-லும் பெரும்பகுதியைக் கேட்பார்கள். ஆனால் ஏப்ரலுக்கு ஏப்ரல் 1 பவுண்டு 80 பென்ஸ் கூடினால், மீதி 15 மாதத்தில் அடுத்த வருட உயர்வையும் சேர்த்து நீங்கள் அதிகமாகக் கட்டப்போவது சுமார் 32 பவுண்டு. எஸ்.எம்.எஸ். தொகையும் சம்மரியும் ஒத்துப்போகிறதென்றால், எரிச்சலாக இருந்தாலும் கட்டிவிட்டு மிச்ச மாதத்தை ஓட்டுவதே லாபம்.

சரி, உரிமை இருக்கிறது, விலகப் போகிறீர்கள். வரிசை முக்கியம். முதலில் கம்பெனியின் சாட்டிலோ ஈமெயிலிலோ, ‘இந்தத் தேதியில் வந்த விலை மாற்ற அறிவிப்பை ஏற்கவில்லை, அபராதமில்லாமல் விலகும் உரிமையைப் பயன்படுத்துகிறேன்’ என்று எழுத்தில் சொல்லுங்கள். சாட் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அப்புறம் 85075-க்கு இன்ஃபோ என்று ஆங்கிலத்தில் எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். இப்போது விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று பதில் வரும், செலவில்லை. அதில் சிம்முக்கு அபராதம் காட்டினால் திரும்பவும் சாட்டுக்குப் போய் அதை நீக்கச் சொல்லுங்கள். நீக்கிய பிறகே, நம்பரை வைத்துக்கொள்ள 65075-க்கு பிஏசி என்றும், நம்பர் வேண்டாமென்றால் 75075-க்கு எஸ்டிஏசி என்றும் அனுப்ப வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் நெட்வொர்க் மாறுவதற்கான குறியீட்டு எண் வரும். அது 30 நாள் செல்லும். புதிய நெட்வொர்க்கிடம் கொடுத்தால் ஒரு வேலை நாளில் மாறிவிடும். உரிமையைச் சொல்லாமல் நேராக பிஏசி எடுத்து மாறினால், வழக்கமான முன்கூட்டிய விலகலாக எடுத்துக்கொண்டு கடைசி பில்லில் அபராதத்தைப் போட்டுவிட வாய்ப்புண்டு. பிறகு அதைத் திரும்ப வாங்க நாயாக அலைய வேண்டும்.

சாட்டில் இருப்பவர் ‘உங்களுக்காக ஸ்பெஷல் விலை’ என்று ஏதாவது தருவார். நல்ல விலையாகவும் இருக்கலாம். ஆனால் சரி சொல்வதற்கு முன், அதனால் புதிதாக 24 மாதம் தொடங்குமா என்று கேளுங்கள். பெரும்பாலும் தொடங்கும்.

மறுத்தால் முறையான புகாராகப் பதியச் சொல்லுங்கள். உள்ளுக்குள் தீராவிட்டால் கம்யூனிகேஷன்ஸ் ஆம்பட்ஸ்மன் அல்லது சிசாஸ் என்ற தனி நடுவர் அமைப்புகள் இரண்டில் உங்கள் கம்பெனி எதில் உறுப்பினரோ அங்கே போகலாம். உங்களுக்குக் கட்டணம் இல்லை. தீர்ப்பை நீங்கள் ஏற்றால் கம்பெனி கட்டுப்பட்டாக வேண்டும். அங்கே போவதற்கு முன் காத்திருக்கும் காலம் எட்டு வாரமாக இருந்தது, அதை ஆறு வாரமாகக் குறைக்க ஆஃப்காம் முடிவெடுத்திருக்கிறது. ‘இதற்கு மேல் எங்களால் முடியாது’ என்று டெட்லாக் கடிதம் கொடுத்துவிட்டால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

அம்மாவின் சிம்முக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. 12 மாதம் முடிந்துவிட்டதால் அது மாதா மாதம் ஓடுகிறது, எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அபராதம் கிடையாது. அம்மாவின் போனிலிருந்தே பிஏசி கேட்டு, விலை குறைவான 30 நாள் சிம்-ஒன்லி ஒன்றுக்கு மாற்றுங்கள். நம்பர் மாறிய நாளோடு பழைய கணக்கு முடிந்துவிடும், நோட்டீஸ் மாதம் என்று தனியாகக் கேட்கக்கூடாது. மாற்றும் முன் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: அம்மா ஊருக்குச் சாதாரண அழைப்பில்தான் பேசுவார் என்றால், புதிய பிளானில் அந்த நாட்டுக்கு நிமிடங்கள் சேர்ந்திருக்கின்றனவா என்று.