மருமகள் என்று எழுதுங்கள்

அன்புள்ள அம்மா,

தங்கச்சிமடத்தில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் வேலை செய்கிறேன். என் தங்கையின் மகனுக்கு 20 வயது. தன்னைப் பெண் என்கிறான். தங்கை வீட்டுக்காரர் அடித்து வெளியே அனுப்பிவிட்டார். இப்போது ராமநாதபுரத்தில் ஒரு திருநங்கை அம்மாவின் வீட்டில் இருக்கிறான். மருந்துக் கடையில் தானாகவே ஹார்மோன் மாத்திரை வாங்கிப் போடுகிறான். அறுவை சிகிச்சை எங்கே செய்வார்கள், எவ்வளவு செலவாகும், செய்துகொண்டால் சட்டப்படி பெண்தானா? ஊரில் கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது? மருமகனை எப்படிக் காப்பாற்றுவது என்று தெரியவில்லை.

ஒரு தாய்மாமன்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் பாம்பனில் ஒரு துக்க வீட்டுக்குப் போய்வந்தேன். இருபது வருடமாக எங்கள் வீட்டுக்குக் கருவாடு கொண்டுவந்த திருநங்கை அக்கா இறந்துபோனார். அந்த நினைவிலேயே இருந்ததால் உடனே எழுதுகிறேன்.

முதலில் மாத்திரை, அதுதான் அவசரம். கடையில் சீட்டில்லாமல் கிடைப்பது பெரும்பாலும் கருத்தடை மாத்திரையாக இருக்கும். அதிலுள்ள எத்தினைல் எஸ்ட்ரடயால் என்ற செயற்கை ஹார்மோன் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் ஆபத்தைக் கூட்டுவது. விவரம் தெரிந்த மருத்துவர்கள் திருநங்கையருக்கு அதைத் தவிர்த்து, உடம்பில் இயல்பாகச் சுரப்பதைப் போன்ற எஸ்ட்ரடயால் எழுதுகிறார்கள், இடையிடையே ரத்தப் பரிசோதனையும் செய்கிறார்கள். ஒரு கால் மட்டும் கெண்டைச்சதையில் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஏன் போட்டாய் என்று திட்டாதீர்கள். திட்டினால் ஒளித்துவைத்துப் போடுவாள்.

அறுவை சிகிச்சை தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே நடக்கிறது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் திருநங்கையருக்கென்று தனிப் பிரிவு உண்டு, ஹார்மோனுக்கும் அங்கேயே போகலாம். பெற்றோர் வாழும் வீட்டில் திருநங்கைக்கும் வசிக்கும் உரிமை உண்டு என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதை உங்கள் தங்கை வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லுங்கள். ஊருக்கு என்ன பதில் என்று கேட்டிருக்கிறீர்கள். ஊர் அவளுக்கு ஒருவேளை சோறு போட்டதா? அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள்.

இனி அந்த அக்காவைப் பற்றி.

அவருடைய இடது கையில் நடுவிரல் பாதிதான் இருக்கும். பல வருடங்களுக்கு முன் ஒருநாள் கரையில் சங்காயம், அதாவது வலையில் கலந்து வரும் பொடிமீன் குவியல், பிரித்துக்கொண்டிருந்தபோது, குவியலுக்குள் கிடந்த திருக்கையின் முள் குத்திவிட்டது. திருக்கை விஷம் சூட்டில் முறியும் என்பது கரையில் குழந்தைக்கும் தெரியும். பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்துக் கையை முக்கினோம், வலி தணிந்தது. ஆனால் முள்ளின் துண்டு உள்ளேயே நின்றுவிட்டது. நான்தான் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன்.

சீட்டுப் போடும் இடத்தில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. பெண்கள் வரிசையில் நின்றோம், முணுமுணுத்தார்கள். அவரிடம் இருந்த ஒரே அட்டையில் பழைய பெயர். அதைத்தான் எழுதிக்கொண்டார்கள். பிறகு அந்தப் பெயரை, ஓர் ஆணின் பெயரை, கூடம் முழுக்கக் கேட்கும்படி மூன்று முறை கூப்பிட்டார்கள். அக்கா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் எழுப்பி உள்ளே அழைத்துப்போனேன். மருத்துவர் கையைப் பார்ப்பதற்கு முன்னால் முகத்தைப் பார்த்தார். “ஆபரேஷன் ஆகிவிட்டதா?” என்று கேட்டார். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு வந்து பார்க்கச் சொன்னார். அக்கா கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு எழுந்து வெளியே வந்துவிட்டார். எவ்வளவு கெஞ்சியும் திரும்பவில்லை. புண் சீழ் பிடித்து, பதினைந்து நாள் கழித்து வேறோர் ஊரில் விரலில் பாதியை எடுத்தார்கள்.

முள் குத்தியது விரலில், தம்பி. கேள்வி எங்கே போனது பாருங்கள். நீங்களும் அதைத்தான் முதலில் கேட்டிருக்கிறீர்கள். பாலினத்தை ஏற்க அறுவை சிகிச்சையைக் கட்டாயமாக்குவது சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று சொன்னது. நம் கரையில் அதே தேதியில்தான் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். 61 நாள் கரையில் வேலை கிடையாது. அதற்கு அரசு தரும் நிவாரணமும் குடும்பத்துக்குத்தான் வரும், குடும்பம் துரத்தியவளுக்கு வராது.

திருநங்கைக்கும் பல் வலிக்கும், சர்க்கரை வரும், கண் மங்கும். உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டியிருந்தால் ஆண்கள் வார்டா பெண்கள் வார்டா என்ற பேச்சிலேயே ஒரு பகல் போகும். அறுவை சிகிச்சையோடு எல்லாம் முடிந்துவிடுவதும் இல்லை. விரையை எடுத்தபின் உடம்பு தன் ஹார்மோனைச் சுரக்காது, ஈடாக வெளியிலிருந்து கொடுக்காவிட்டால் எலும்பு வலுவிழக்கும். அக்கா மருத்துவமனைக்குப் போகாமல், தாயம்மா என்று அழைக்கப்படும் மூத்த திருநங்கையின் கையால் நிர்வாணம், அதாவது உறுப்பு நீக்கம், செய்துகொண்டவர். எலும்பைப் பற்றி அவருக்கு யார் சொன்னார்கள்? கடைசி வருடங்களில் கருவாட்டுக் கூடையைத் தூக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்வார். வயதாகிவிட்டது என்று நானும் நினைத்தேன். நல்ல மருத்துவமனையைத் தேடிக் கூட்டிப்போயிருக்க வேண்டும். போகவில்லை.

ஒருமுறை தன் பால் சடங்கைப் பற்றிச் சொன்னார். நிர்வாணம் ஆன நாற்பதாம் நாள் மஞ்சள் பூசி, புதுப் புடவை கட்டி, திருநங்கையர் ஜமாத்தே கூடி நின்றதாம். “எல்லாரும் இருந்தார்கள், தாய்மாமன் சீர் ஒன்றுதான் இல்லை” என்றார். அவருடைய மாமன்மார் மூன்று பேரும் நம் தீவிலேயே இருந்தார்கள்.

அதனால்தான் உங்கள் மேல் எனக்குக் கோபம். தாய்மாமன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு மருமகன் என்று எழுதியிருக்கிறீர்கள். காது குத்த மடியில் உட்காரவைத்தவர் நீங்கள். அப்பன் அடித்துத் துரத்திய பிள்ளைக்காக முன்பின் தெரியாத ஒருத்திக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிற மனம் உங்களுக்கு இருக்கிறது. அந்த ஒரு சொல்லை மாற்ற மட்டும் ஏன் கை வரவில்லை?

மதுரைக்கு அவளோடு நீங்களே போங்கள். சீட்டுப் போடும் இடத்தில் அவளுக்கு முன்னால் நின்று, அவள் பெயரை நீங்கள் சொல்லுங்கள். அந்தப் பெயர் உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. தெரியாதென்றால் இன்று ராத்திரி போன் செய்து கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா