கையெழுத்தில் மட்டும் கூட்டாளிகள்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரும் ஜப்பானும் கூடிப் பேசித்தான் எல்லாவற்றையும் செய்தார்களா? (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: எங்கே கூடிப் பேசினார்கள்! 1940 செப்டம்பர் 27 அன்று பெர்லினில், இத்தாலியையும் சேர்த்துக்கொண்டு முத்தரப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள், சரி. அடுத்த மார்ச்சில் ஜப்பானிய வெளியுறவு அமைச்சர் மட்சுவோகா பெர்லினுக்கே வந்து ஹிட்லரைப் பார்க்கிறார். ரஷ்யாவைத் தாக்க அப்போதே ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன, ஆனால் ஜப்பானியர்களிடம் அதைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று ஹிட்லர் உத்தரவே போட்டிருந்தார். விஷயம் தெரியாத மட்சுவோகா திரும்பும் வழியில் மாஸ்கோவில் இறங்கி, ஏப்ரல் 13 அன்று ரஷ்யாவோடு நடுநிலை ஒப்பந்தம் செய்துகொண்டார். ஸ்டாலின் ரயில் நிலையத்துக்கே வந்து கட்டிப்பிடித்து வழியனுப்பினார். ஜூன் 22 அன்று ஜெர்மன் படை ரஷ்யாவுக்குள் நுழைந்தது!

ஜப்பானும் லேசுப்பட்டதில்லை. அமெரிக்காவோடு போர் வந்தால் கூட நிற்பீர்களா என்று கேட்டு வைத்துக்கொண்டார்களே தவிர, அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை இந்த நாளில் அடிக்கப்போகிறோம் என்று சொல்லவில்லை. அதைவிட வேடிக்கை, ஜெர்மனியை எதிர்த்துப் போரிட அமெரிக்கா ரஷ்யாவுக்கு அனுப்பிய சரக்கில் பாதியளவு, ரஷ்யக் கொடி கட்டிய கப்பல்களில் ஜப்பானின் மூக்குக்கு முன்னாலேயே ரஷ்யத் துறைமுகமான விளாடிவோஸ்டாக் போய்ச் சேர்ந்தது. நடுநிலை ஒப்பந்தம் இருக்கிறதே, ஜப்பான் விட்டுவிட்டது.

கேள்வி: அப்படியானால் நேதாஜியை நீர்மூழ்கிக் கப்பலில் அனுப்பிவைத்தது?

பதில்: அது நிஜமாகவே சேர்ந்து செய்த காரியம். 1943 பிப்ரவரியில் கீல் துறைமுகத்திலிருந்து ஜெர்மனியின் யூ-180 கப்பலில் நேதாஜியும் அவருடைய உதவியாளர் ஆபித் ஹசனும் கிளம்பினார்கள். ஏப்ரல் 28 அன்று மடகாஸ்கர் பக்கத்தில், அலை அடித்துக்கொண்டிருந்த கடலில், ரப்பர் படகில் தொற்றிக்கொண்டு ஜப்பானின் ஐ-29 கப்பலுக்கு மாறினார்கள். அப்புறம் சிங்கப்பூர் வந்து அவர் பொறுப்பேற்ற இந்திய தேசிய ராணுவத்தில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் திரளாகச் சேர்ந்தது தெரிந்த கதைதான்.

தெரியாத கதை ஒன்று. அன்றைக்கு இந்தப் பக்கமிருந்து இரண்டு ஜப்பானியக் கடற்படை அதிகாரிகள் ஜெர்மன் கப்பலுக்கு மாறினார்கள். அதில் ஒருவர் டொமோனாகா. இரண்டு வருஷம் கழித்து யூ-234 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார், கப்பலில் 560 கிலோ யுரேனியம் ஆக்சைடு. பாதி வழியில் ஜெர்மனி சரணடைந்த செய்தி வந்தது. கப்பலை அமெரிக்கர்களிடம் ஒப்படைக்க மாலுமிகள் முடிவு செய்ததும், அவரும் கூட இருந்த இன்னொரு ஜப்பானிய அதிகாரியும் தூக்க மருந்தைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டார்கள். உடல்களைக் கடலில் இறக்கினார்கள்.