அழுதால் நம்பிக்கை போய்விடுமா?

வாசகர் கேள்விகள். மூளைப் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களின் குடும்பத்தினர் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர். அதே நோய் வந்த தன் அண்ணனைக் கடைசிவரை கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர்.

கேள்வி: என் கணவருக்கு வயது 43. பேச்சில் தடுமாற்றம் வந்து பரிசோதித்ததில் மூளையின் இடது பக்கம் கட்டி. ஆபரேஷன் முடிந்துவிட்டது. பயாப்ஸியில் கிளையோபிளாஸ்டோமா, கிரேடு 4, அதாவது வேகமாக வளரும் மூளைப் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. அடுத்த வாரம் ரேடியேஷனும் கீமோ மாத்திரையும் ஆரம்பம். ராத்திரி போனில் தேடிப் படித்தபோது, இந்த நோய் வந்தவர்கள் வாழும் காலம் 15 மாதம் என்று ஒரு கணக்கு கண்ணில் பட்டது. அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. வருகிறவர்கள் எல்லாம் "நம்பிக்கையா இரு, அவர் முன்னாடி அழாதே" என்கிறார்கள். அவர் ஏதாவது கேட்க வாயெடுத்தாலே மாமியார், "உனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்று பேச்சை மாற்றிவிடுகிறார். அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டே நம்பிக்கையோடு இருப்பதுபோல் காட்டுவது நடிப்பு இல்லையா?

சகோதரி, முதலில் அந்த 15 மாதக் கணக்கைப் பார்த்துவிடுவோம். அதைத் தனியாக வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் விழித்திருக்க வேண்டாம்.

உங்கள் கணவருக்குத் தரப்போகும் அதே சிகிச்சையை, அதாவது ரேடியேஷனோடு டெமோசோலமைடு மாத்திரையையும் சேர்த்துத் தருவதை, சோதித்துப் பார்த்த பெரிய ஆய்வு 2005-ல் வெளியானது. ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களுக்கு 12.1 மாதம், மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 14.6 மாதம் என்று அதில் வந்தது. நீங்கள் படித்தது இதைத்தான். இது நடுப்புள்ளி. பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்தார்கள் என்பதுதான் அதன் அர்த்தம். மாத்திரை சேர்த்துப் பெற்ற நூறு பேரில் 26 பேருக்கு மேல் 2 ஆண்டுகளைக் கடந்தார்கள். 5 ஆண்டுகளைக் கடந்தவர்கள் ஏறக்குறைய 10 பேர். ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களில் 5 ஆண்டு கடந்தவர்கள் 2 பேர்தான்.

உங்கள் கணவர் அந்த வரிசையில் எங்கே இருக்கிறார் என்பது போனுக்குத் தெரியாது. டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ.யில் கட்டி எவ்வளவு மிச்சம் இருக்கிறது? எடுத்த திசுவில் எம்.ஜி.எம்.டி. என்ற மரபணுவுக்கான பரிசோதனை செய்தார்களா, அதில் மெத்திலேஷன், அதாவது அந்த மரபணுவை அடக்கிவைக்கும் மாற்றம், இருக்கிறதா? அது இருந்தால் இந்த மாத்திரை நன்றாக வேலை செய்ய வாய்ப்பு அதிகம். நான் சொன்ன ஆய்வில் அப்படிப்பட்டவர்கள் மாத்திரையும் பெற்றபோது, நூறில் 46 பேர் 2 ஆண்டுகளைத் தாண்டினார்கள். வயது 43 என்பதும் அவருக்குச் சாதகம்தான்.

இதையெல்லாம் இனிப்புத் தடவிச் சொல்லவில்லை. இது கடுமையான நோய். பெரும்பாலானவர்களுக்குத் திரும்ப வருகிறது. என் அண்ணனுக்கும் திரும்ப வந்தது. அவர் இன்று இல்லை. இதை உங்களிடம் மறைத்துவிட்டு நம்பிக்கையைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது, "அழாதே" என்பது. இந்த அறிவுரையை நான் ஏற்கவே மாட்டேன். சிகிச்சைப் பிரிவில் எத்தனையோ குடும்பங்களைப் பார்த்தேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, சிரித்தபடி உள்ளே வருவார்கள். நோயாளிக்குத் தெரியாமல் இருக்குமா? எல்லாம் தெரியும். "சிஸ்டர், அவங்க அழுதாங்களா?" என்று எங்களிடம் கேட்பார்கள். வீட்டில் எல்லோரும் தைரியம் காட்டினால், தன் பயத்தைச் சொல்ல அவருக்கு ஆளே இருக்காது. நோயை விட அந்தத் தனிமைதான் சிலரை வாட்டியது.

அண்ணன் எலக்ட்ரீஷியன். அவருக்கும் இடது பக்கம்தான் கட்டி. "கண்ணாடி எடு" என்று சொல்ல நினைத்து "சாவி எடு" என்பார். தப்பு என்று அவருக்கே தெரியும், சரியான சொல் மட்டும் வராது. ஒரு ராத்திரி, "நான் தேறிடுவேனா?" என்று கேட்டார். நான், "தெரியலண்ணா. உனக்கு எதை நினைச்சா பயமா இருக்கு?" என்றேன். சாவைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு. வீட்டு ஃபியூஸ் பாக்ஸில் எந்த ஒயர் எங்கே போகிறது என்று தன்னைத் தவிர யாருக்கும் தெரியாது, பேச்சு போய்விட்டால் பிள்ளைகள் எதையாவது தொட்டுவிடுவார்கள் என்றார்.

மறுநாளிலிருந்து அதுதான் எங்கள் வேலை. ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்ப்போம். அவர் சொல்வார், நான் துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டுவேன். சொல் வராத இடத்தில் விரலால் காட்டுவார். சோர்வாக இருந்தால் ஒரே ஒரு சீட்டோடு நிறுத்திவிடுவோம். ரேடியேஷன் முடிந்து வந்து, "இன்னிக்கு மாடி லைன்" என்று அவரே ஆரம்பிப்பார். அந்த வாரங்களில் நான் பார்த்ததுதான் எனக்குத் தெரிந்த நம்பிக்கை. குணமாகிவிடும் என்று அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. நாளைக்கு ஒரு வேலை இருந்தது, அதை முடிப்போம் என்று இருந்தார். சிகிச்சையையும் ஒரு நாள் விடவில்லை.

அதனால் நீங்கள் நடிக்க வேண்டாம். அவர் கேட்டால், "எனக்கும் பயமாத்தான் இருக்கு, ஆனா டாக்டர் சொன்ன சிகிச்சை எல்லாத்தையும் செய்யப் போறோம், நான் கூடவே இருக்கேன்" என்று சொல்லுங்கள். ஒரு வார்த்தைகூட பொய் இல்லை. எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும் என்பதையும் அவரிடமே கேளுங்கள். சிலர் எல்லாவற்றையும் கேட்பார்கள், சிலருக்கு அடுத்த வாரம் மட்டும் போதும். மாமியாரோடு வாதாடாதீர்கள். பெற்ற மனம், வேறு எப்படிப் பேசும்? மாத்திரை நேரத்தைக் குறித்துவைக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்துப் பாருங்கள். கைக்கு ஒரு வேலை வந்துவிட்டால் பேச்சும் மாறும்.

அடுத்த வாரத்துக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முதலில் முகத்துக்கு மாஸ்க் செய்வார்கள். நிறையத் துளை போட்ட பிளாஸ்டிக் தகட்டைச் சுடுதண்ணீரில் இளக்கி, முகத்தின் மேல் வைத்து அழுத்துவார்கள். வெதுவெதுப்பாக இருக்கும். சில நிமிடத்தில் முகத்தின் வடிவத்திலேயே இறுகிவிடும். தினமும் அதை மாட்டி மேஜையோடு சேர்த்துப் பூட்டுவார்கள், தலை அசையாமல் இருக்க. பலருக்கு முதல் நாள் மூச்சு முட்டுவதுபோல் இருக்கும். மூச்சு விடத் துளை இருக்கிறது. வெளியிலிருந்து கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், கையைத் தூக்கினால் நிறுத்திவிட்டு உள்ளே வருவார்கள். இதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். கதிர் பாயும்போது வலி கிடையாது, மெஷின் சத்தம் மட்டும்தான். வெளியே வரும்போது நெற்றியில் வலை வலையாகத் தடம் இருக்கும், கொஞ்ச நேரத்தில் போய்விடும்.

வழக்கமாக வாரம் 5 நாள், 6 வாரம், மொத்தம் 30 தடவை. மாத்திரை சனி, ஞாயிறும் உண்டு. வெறும் வயிற்றில் முழுதாக விழுங்க வேண்டும், பிரித்துக் கொட்டக் கூடாது. வாந்தி வராமலிருக்கத் தரும் மாத்திரையை அதற்கு முன்பே போட வேண்டும். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள், காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். முக்கியமாக, சோர்வு கடைசி வாரங்களில்தான் உச்சத்துக்குப் போகும், ரேடியேஷன் முடிந்த பிறகும் சில வாரம் நீடிக்கும். எதிர்பார்க்காத குடும்பங்கள் அப்போதுதான் உடைந்துபோவார்கள், "சிகிச்சை முடிஞ்சும் படுத்தே கிடக்கிறாரே" என்று. இப்போதே காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. ஆபரேஷனுக்குப் பிறகு ஆளே மாறிவிட்டார். எடுத்ததற்கெல்லாம் கத்துகிறார். நடு ராத்திரியில் எழுந்து சாப்பாடு கேட்கிறார், தூங்குவதே இல்லை. போன வாரம் அம்மாவை நோக்கிக் கையை ஓங்கிவிட்டார். நாற்பது வருஷத்தில் ஒருநாளும் அப்படிச் செய்தவர் இல்லை. அம்மா மனம் உடைந்துபோய் இருக்கிறார்.

தம்பி, இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். அம்மா, உங்கள் கணவருக்கு உங்கள் மேல் வெறுப்பு வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மூளையில் வீக்கம் குறையத் தரும் டெக்ஸாமெதசோன் ஸ்டீராய்டு, அகோரப் பசியைக் கொடுக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், சட்டென்று கோபத்தைக் கிளப்பும். சர்க்கரையும் ஏறலாம். தொடைத் தசை பலவீனமாகி, நாற்காலியிலிருந்து எழவே சிரமப்படுவார்கள், அந்த எரிச்சலும் சேரும். வலிப்புக்காக லெவெட்டிரசிட்டம் கொடுத்திருந்தால், அதற்கும் எரிச்சலும் ஆத்திரமும் தெரிந்த பக்க விளைவுகள். கட்டி மூளையின் முன்பகுதியில் இருந்தால் அந்தக் கட்டியே குணத்தை மாற்றும்.

தம்பி, நீங்கள் செய்ய வேண்டியது, எந்த மாத்திரை எந்த நேரம் போட்டார், எப்போது கோபம் வந்தது, ராத்திரி எத்தனை மணிக்கு எழுந்தார் என்று ஒரு வாரம் எழுதி டாக்டரிடம் காட்டுவது. ஸ்டீராய்டைக் காலையிலேயே கொடுத்து முடிக்கலாமா, அளவைக் குறைக்க முடியுமா, வலிப்பு மாத்திரையை மாற்றலாமா என்று கேளுங்கள். மாற்றிய பிறகு பழைய மனிதராகத் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து, வலிப்பு மாத்திரையை விட்டால் வலிப்பு வரலாம்.

வலிப்பு வந்தால் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் இரும்பு கொடுக்க வேண்டாம், அமுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ். கை ஓங்கும் நேரத்தில் அம்மா அந்த அறையில் நின்று சமாதானம் சொல்ல வேண்டியதில்லை. வெளியே வந்துவிடலாம், நீங்கள் உள்ளே போங்கள். இதையும் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

கேள்வி: அக்காவுக்கு ரேடியேஷன் முடிந்து ஒரு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி பெரிதாகத் தெரிகிறது. டாக்டர், "காத்திருந்து மறுபடி பார்ப்போம்" என்கிறார். சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறாரா?

இல்லை. ரேடியேஷனும் கீமோவும் சேர்ந்து முடிந்த முதல் 3 மாதத்தில், சிகிச்சையின் தாக்கத்தாலேயே அந்த இடம் வீங்கி, ஸ்கேனில் கட்டி வளர்ந்ததுபோல் தெரிவது உண்டு. டாக்டர்கள் இதைச் சூடோ புரோகிரஷன் என்பார்கள். ஒரே ஒரு படத்தை வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்வது அவர்களுக்கே கடினம், அதனால்தான் மறுபடி எடுத்துப் பார்க்கிறார்கள். நிஜமாகவே வளர்ந்திருக்கவும் கூடும், அதையும் இப்போது யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. நடுவில் தலைவலி, வாந்தி, கைகால் பலவீனம் கூடினால் அடுத்த ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். ஸ்கேன் எடுத்த அன்றே முடிவு தெரியுமா, எப்போது, யார் சொல்வார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ரிப்போர்ட் கவரை நீங்களாகப் பிரித்து, புரியாத வார்த்தைகளை வைத்துக்கொண்டு தவிக்காதீர்கள்.

கேள்வி: என் மனைவிக்கு மூளையில் புற்றுநோய். மகளுக்கு 9 வயது. அவளிடம் சொல்லலாமா?

சொல்லுங்கள். அவள் ஏற்கெனவே பாதியைக் கண்டுபிடித்திருப்பாள், மீதியைக் கற்பனை செய்துகொண்டிருப்பாள். "அம்மா தலையில ஒரு கட்டி, அதுக்குப் பேர் புற்றுநோய், டாக்டர்கள் மருந்து கொடுக்கறாங்க" என்பது போதும். ஆனால் மூன்று விஷயத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். இது ஒட்டிக்கொள்ளாது, அம்மாவைக் கட்டிப்பிடிக்கலாம். நீ அடம்பிடித்ததால் வந்ததில்லை. உன்னைப் பார்த்துக்கொள்ள எப்போதும் ஆள் இருக்கும். கதிர் படும் இடத்தில் இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டும் என்பதை, கொட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். "அம்மா செத்துடுவாங்களா?" என்று கேட்டால், "சாகமாட்டாங்க" என்று சத்தியம் செய்யாதீர்கள். "அப்படி ஆகக் கூடாதுன்னுதான் எல்லாரும் பாடுபடறோம், ஏதாவது மாறினா உன்கிட்ட சொல்வேன்" என்று சொல்லி, அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். வகுப்பாசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

கேள்வி: அண்ணனுக்குக் கீமோ நடந்துகொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் பாலியேட்டிவ் கேர் டாக்டரைப் பார்க்கச் சொல்கிறார்கள். கைவிட்டுவிட்டார்களா?

கைவிடவில்லை. அந்தப் பெயரைக் கேட்டதும் எழுந்து போன குடும்பங்கள் பல. எனக்கு அது மிகுந்த வருத்தம் தரும், ஏனென்றால் நல்ல உதவி ஒன்று வாசல்வரை வந்து திரும்பிப்போகும். சிகிச்சையோடு கூடவே, தலைவலி, வாந்தி, தூக்கம், மலச்சிக்கல், பயம் என்று அன்றாடத் தொல்லைகளைக் குறைப்பதுதான் அவர்கள் வேலை. நுரையீரல் புற்றுநோய் முற்றியவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2010-ல் வெளியானது. ஆரம்பத்திலேயே இந்தக் கவனிப்பும் சேர்ந்து கிடைத்தவர்கள் மற்றவர்களை விட நிம்மதியாகவும் இருந்தார்கள், அதிக நாள் வாழவும் செய்தார்கள். அது வேறு நோய்தான், ஆனாலும் இந்தப் பெயர் கைவிடுவதைக் குறிப்பதில்லை என்பதற்கு அது போதும்.

கீமோ டாக்டரையும் விடாமல் இவரையும் போய்ப் பாருங்கள். போகும்போது மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள், வேறு யாராவது சொல்லிக் கொடுக்கும் மூலிகையோ சூரணமோ இருந்தால் அதையும் மறைக்காமல் காட்டுங்கள். அண்ணனை எந்தத் தொல்லை அதிகம் படுத்துகிறது என்று இன்றைக்கே அவரிடம் கேட்டு, அவர் சொல்லும் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் தூக்கத்தைப் பற்றியும் அங்கே பேசலாம், அவர்கள் கேட்பார்கள்.