மாத்திரையைக் குறைக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. இரைப்பையில் வந்த ஜிஸ்ட் (இரைப்பை, குடல் சுவரில் வரும் ஒருவகைப் புற்றுநோய்) கட்டியை, பாதி இரைப்பையோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். இப்போது தினமும் இமாடினிப் என்ற புற்றுநோய் மாத்திரை 400 மி.கி. விடியற்காலையில் இமை உப்பிப்போய்க் கண்ணைத் திறக்கவே சிரமப்படுகிறார். ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. காபியோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனால், வரப்பிலேயே வாந்தி. "கட்டிதான் போயிடுச்சே, ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கறேன்" என்கிறார். விடலாமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: வேண்டாம் சகோதரி. இந்த மருந்து ரத்தத்தில் சுமார் 18 மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஒருநாள் விட்டால் அளவு மளமளவென்று இறங்கிவிடும். கட்டி திரும்ப வரும் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு, ஆபரேஷனுக்குப் பிறகு 3 ஆண்டு தினமும் 400 மி.கி. கொடுப்பதே வழக்கம். இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்தவர்களுக்கு மருந்து ரத்தத்தில் சேர்வதே குறையலாம். அதனால் உங்கள் அப்பா தானாகக் குறைத்துக்கொள்வது எனக்குக் கூடுதல் கவலை தருகிறது.

சரி, வாந்திக்கு என்ன வழி? வெறும் காபியோடு போடுகிற மாத்திரை அல்ல இது. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும், பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கச் சொல்லுங்கள். பாதி இரைப்பையில் அவ்வளவு தண்ணீர் ஒரே மூச்சில் இறங்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும். உடனே படுக்க வேண்டாம். பலருக்கு இதிலேயே குமட்டல் அடங்கிவிடும். பம்பளிமாஸ் பழம் வேண்டாம், மருந்தின் அளவை ஏற்றிவிடலாம். நாட்டு மருந்து ஏதும் சாப்பிட்டால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

இமை வீக்கம் இந்த மருந்தில் சகஜம். ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறையுங்கள். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை திடீரென்று ஏறினாலோ, மூச்சு வாங்கினாலோ, மலம் கறுத்துப் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கெண்டைக்கால் பிடிப்பையும் அடுத்த முறை சொல்லுங்கள், அதற்கும் வழி இருக்கிறது.

இத்தனைக்கும் அப்புறம் தாங்க முடியவில்லை என்றால், டாக்டரே சில நாள் நிறுத்தி, 100 மி.கி. மாத்திரை மூன்றாக, 300-ல் மறுபடி தொடங்கக்கூடும். அது ரத்தப் பரிசோதனையைப் பார்த்து அவர் எடுக்க வேண்டிய முடிவு.

இன்னொன்று. கட்டியில் மரபணுப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். கிட் என்ற மரபணுவின் 11-ஆம் எக்ஸானில் (எக்ஸான் என்பது மரபணுவின் ஒரு பகுதி) மாற்றம் இருந்தால் 400 நன்றாக வேலை செய்யும். 9-ஆம் எக்ஸான் என்றால், நோய் பரவியவர்களுக்கு 800 வரை கொடுப்பதுண்டு. பிடிஜிஎஃப்ஆர்ஏ என்ற வேறொரு மரபணுவில் வரும் டி842வி என்ற மாற்றமாக இருந்தால் இந்த மருந்தால் பலனே இல்லை. அப்பா வீணாகத்தான் அவதிப்படுவார். இதுவரை செய்யவில்லை என்றாலும், ஆபரேஷனில் எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்த கட்டி (மெழுகு பிளாக்) பயாப்ஸி லேபில் இருக்கும். அதை வாங்கி இப்போதும் பரிசோதனைக்கு அனுப்பலாம்.