ஆள் குறைப்பு நேரத்தில் லிங்க்ட்இன்: மண்டபத்துத் தம்பிக்கு ஒரு பதில்

வ அலைக்கும் ஸலாம் தம்பி.

நீ எலெக்ட்ரிகல் டெக்னீஷியனாக ஷார்ஜா வந்து எட்டு மாதம் ஆகிறது, கம்பெனிக்குப் புது புராஜெக்ட் இல்லை, ஆள் குறைக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். ரூம் பையன்கள் வேலைக்கான வலைத்தளத்தைக் காட்டி "லிங்க்ட்இன்ல போஸ்ட் போடு, உன்னை பிராண்ட் பண்ணு" என்கிறார்கள், உனக்கோ அது தற்பெருமை அடிக்கிற மாதிரி கூச்சமாக இருக்கிறது, நிஜமாகவே அதனால் வேலை கிடைக்குமா காக்கா என்று அண்ணனாக நினைத்து என்னிடம் கேட்டிருந்தாய்.

கிடைக்கும். எனக்கே கிடைத்தது. ஆனால் அந்தப் பையன்கள் சொல்கிற வழியில் இல்லை.

நான் துபாய் போய் இருபத்தொரு வருடம். அதில் இரண்டு முறை வேலை போயிருக்கிறது. முதல் தடவை 2009. 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானது. அடுத்த சில மாதங்களில் எங்கள் சைட்டில் கிரேன் நின்றது. 2009 நவம்பரில் துபாய் அரசின் கம்பெனியான துபாய் வேர்ல்ட் கடனைக் கட்ட அவகாசம் கேட்டபோது, நான் மூன்று மாதச் சம்பளப் பாக்கியோடு துபாய் சத்வாவில் ஒரு பெட் ஸ்பேஸில், அதாவது பங்கு ரூமில் வாடகைக் கட்டிலில், கிடந்தேன். சிவி அனுப்பாத இடம் இல்லை. ஒரு போன் வரவில்லை. கடைசியில் கூப்பிட்டவர் பழைய சைட்டில் ஸ்டோர் கீப்பராக இருந்த மலையாளி அண்ணன். அவருடைய புது கம்பெனி இன்ஜினியர் நல்ல எலெக்ட்ரீஷியன் யாராவது உண்டா என்று கேட்டிருக்கிறார். "கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கிற டிபி பெட்டிக் கதவுக்கு உள்பக்கம் எந்த பிரேக்கர் எந்த ரூமுக்கு என்று எழுதி ஒட்டி வைப்பானே, அந்தப் பையன் இருக்கான்" என்று இவர் சொல்லியிருக்கிறார். என் பெயர்கூட அவருக்குச் சரியாக நினைவில் இல்லை. அந்த லேபிள் நினைவில் இருந்தது.

இரண்டாவது தடவை 2020, கொரோனா. அப்போது எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஊரடங்கில் யாரையும் நேரில் போய்ப் பார்க்க வழியில்லை. லிங்க்ட்இன் கணக்கு வெறுமனே கிடந்தது. அதில் முதன்முதலாக ஒன்று எழுதினேன். நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற வயர், லூஸானால் வீட்டுக்கு என்ன ஆகும் என்பதுதான் விஷயம். மூன்று பேஸ் லைனில் மெயின் நியூட்ரல் விட்டுப்போனால், லோடு குறைவாக இருக்கிற பேஸில் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 300-க்கு மேலேகூட ஏறிவிடும். டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் போய்விடும். பிரேக்கர் ட்ரிப் ஆகாததால் யாருக்கும் காரணம் புரியாது. சொந்த மேஜையில் வைத்து எடுத்த ஒரு போட்டோவும் சேர்த்தேன். வயர் நுனியில் மாட்டுகிற, கருகிப்போன ஒரு நியூட்ரல் லக், பக்கத்தில் புது லக். டார்க் ரென்ச் வைத்துச் சரியான அளவுக்கு முறுக்காமல் கைக்கணக்கில் விட்டதால் வந்த வினை என்று நாலு வரி. ஆங்கிலம் தப்பும் தவறுமாகத்தான் இருந்தது. நூறு லைக்கூட வரவில்லை. ஆனால் ஒரு மெயின்டனன்ஸ் கம்பெனி மேனேஜர் கீழே வந்து இரண்டு கேள்வி கேட்டார், பதில் சொன்னேன். மூன்று வாரம் கழித்து போன் வந்தது. இன்றைக்கும் அங்கேதான் வேலை.

2009-ல் ஸ்டோர் கீப்பர் அண்ணன் செய்த வேலையை 2020-ல் அந்தப் போட்டோ செய்தது, அவ்வளவுதான் தம்பி. சைட்டில் உன்னோடு நிற்காதவனுக்கும் உன் வேலை தெரிய வேண்டும். உன் மூஞ்சியைப் போடாதே, உன் கை வேலையைப் போடு.

கூச்சம் பற்றிச் சொன்னாய். நம் ஊரில் செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்கிறோம். சீதக்காதி தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டாரா? வாங்கினவர்கள் சொன்னார்கள், புலவர்கள் பாடினார்கள். லிங்க்ட்இனில் ரெகமெண்டேஷன் என்று ஒரு பகுதி இருக்கிறது, அதைத்தான் நம் ஆட்கள் காலியாக விட்டுவிடுகிறார்கள். உன் ஃபோர்மேன், பாலிடெக்னிக் வாத்தியார், கூட வேலை பார்த்த இன்ஜினியர் என்று ஒவ்வொருவரிடமும் இரண்டு வரி எழுதிக் கேள். அவர்களும் வேலை தேடுகிற நேரமாக இருக்கும், நீயும் அவர்களுக்கு உண்மையாக எழுதிக் கொடு.

பெயருக்குக் கீழே "கடின உழைப்பாளி, வேலை தேடுகிறேன்" என்று போட்டிருக்கிறாய், பார்த்தேன். அந்தச் சொற்களை யாரும் தேடுவதில்லை. "எலெக்ட்ரிகல் டெக்னீஷியன், டிபி டெர்மினேஷன், ஃபால்ட் ஃபைண்டிங், ஷார்ஜா" என்று மாற்று. ஆள் எடுக்கிறவர்கள் டைப் அடிக்கிற சொற்கள் அவைதான். வேலையில் இருக்கும்போதே, வேலை தேடுகிறேன் என்று லிங்க்ட்இனில் உன் போட்டோவைச் சுற்றிக் காட்டுகிற பச்சை வளையத்தை மாட்டாதே. ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி வைக்கலாம். ஆனால் அதுவும் உன் கம்பெனிக்குத் தெரியவே தெரியாது என்று லிங்க்ட்இன் உத்தரவாதம் தருவதில்லை.

லீவில் ஊருக்கு வந்த நான் போன வாரம் உங்கள் ஊர் மண்டபம் பக்கம் போயிருந்தேன். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் அல்லவா, விசைப்படகுகள் கரையேறி நிற்கின்றன. பலகை மாற்றுகிறார்கள், பெயின்ட் அடிக்கிறார்கள், வலையை விரித்துப் போட்டுப் பொத்துகிறார்கள். கடல் திறக்கிற அன்று வலை பொத்த உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். நோட்டீஸ் கைக்கு வரும்வரை காத்திருக்காதே. வாரத்துக்கு ஒரு பதிவு போதும்.

இனிச் சொல்வதைக் கவனமாகப் படி. சம்பளம் வரவில்லை என்ற கோபத்தில் கம்பெனியைத் திட்டி ஒரு வரிகூடப் போடாதே. வாட்ஸ்அப் குரூப்பிலும் வேண்டாம். அமீரகத்தில் 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிற சைபர் குற்றச் சட்டத்தில் அவதூறும் வதந்தியும் ஜெயில் வரை போகும். வதந்தி பரப்பினால் அபராதமே குறைந்தது ஒரு லட்சம் திர்ஹம். அடுத்தவரை அனுமதியில்லாமல் போட்டோ எடுத்துப் போடுவதும் குற்றம். கிளையன்ட் சைட்டில் கேட்காமல் கேமராவைத் தூக்காதே. 2009-ல் மூன்று மாதச் சம்பளத்துக்காக என் வயிறும் எரிந்தது தம்பி, அந்த வலி எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு இடம் லேபர் மினிஸ்ட்ரி புகார், பேஸ்புக் இல்லை.

வேலை தேடுகிறேன் என்று எழுதின மறுநாளே "ஆஃபர் லெட்டர் ரெடி, பிராசஸிங் ஃபீஸ் மட்டும் கட்டு" என்று மெசேஜ் வரும். ஒரு காசு கொடுக்காதே. ஆள் எடுக்கிற செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும் என்பது அங்கே சட்டம். 2022-ல் தாய்லாந்தில் ஐடி வேலை என்று சமூக ஊடகத்தில் வந்த விளம்பரத்தை நம்பிப் போன நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மியான்மர் மியாவதியில் மாட்டிக்கொண்டு பட்ட பாட்டை மறந்துவிடாதே.

அப்புறம், ஐஎல்ஓஇ, அதாவது வேலை போனால் பணம் தருகிற அமீரக இன்ஷூரன்ஸ். அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹம் வரை இருப்பவர்களுக்கு மாதம் 5 திர்ஹம். வேலை போனால் அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம், அதிகபட்சம் மூன்று மாதம். ஆனால் 12 மாதம் தொடர்ந்து கட்டியிருந்தால்தான் வரும், நீ எட்டு மாதம்தான். இந்தத் தடவை அதை நம்பாதே, கட்டுவதையும் நிறுத்தாதே. கம்பெனியே நோட்டீஸ் கொடுத்தால் அந்தக் காலத்தில் வேறு வேலை தேட வாரத்தில் ஒரு நாள் சம்பளமில்லாத லீவு உனக்கு உரிமை. மூன்று நாள் முன்னால் சொன்னால் போதும். பல பேர் இதைக் கேட்பதே இல்லை.

நீ எழுதின முதல் பதிவைப் போடுவதற்கு முன் எனக்கு அனுப்பு, ஆங்கிலத்தைப் பார்த்துத் தருகிறேன். என் பழைய மேனேஜர் ஒருவர் இப்போது அஜ்மானில் இருக்கிறார். உன் பேனல் வேலையின் போட்டோவை, சைட்டில் அனுமதி வாங்கி எடுத்ததாக இருந்தால், அவரிடம் காட்டுகிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை ராத்திரி எனக்கு பிளைட். புதன்கிழமைக்குள் உங்கள் உம்மாவைக் கருவாடோ முண்டு மிளகாயோ கொடுத்துவிடச் சொல். உனக்காக லக்கேஜில் ஐந்து கிலோ ஒதுக்கி வைத்திருக்கிறேன்.