கொரியாவில் போர் நின்ற இரவு – கடிதம்

அன்புள்ள ஐயா,

கொரியப் போர் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அதில் சண்டையிட்ட அமெரிக்க, பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய முதியவர்களின் பேட்டிகளைத் தேடிப் பார்த்தேன். ஒருவர் ஜெயித்தோம் என்கிறார். இன்னொருவர் எதற்குப் போனோம் என்றே தெரியவில்லை என்கிறார். ஒரே பக்கம் நின்றவர்கள் ஏன் இப்படி மாறி மாறிப் பேசுகிறார்கள்?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

பேட்டி கொடுப்பவர் எந்த வருஷம் அங்கே இருந்தார் என்று முதலில் பாருங்கள். 1950 செப்டம்பரில் இஞ்சோன் துறைமுகத்தில் இறங்கி, வடகொரியர்களிடமிருந்து சியோலை மீட்டவர் கண்ட போர் வேறு, கடைசி வருஷம் போனவர் கண்டது வேறு. 1951 ஜூலையிலேயே போர்நிறுத்தப் பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டது. போர்க்கைதிகளை அவர்கள் விருப்பத்துக்கு மாறாகத் திருப்பி அனுப்பலாமா என்பதில் அது சிக்கி நிற்க, போர்முனை பெரிதாக நகராமலே இரண்டு வருஷம் ஆட்கள் குன்றுகளுக்காகச் செத்துக்கொண்டிருந்தார்கள். போர்க் சாப் ஹில் என்ற குன்றை 1953 ஏப்ரலில் அமெரிக்கர்கள் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். ஜூலையில் மறுபடி தாக்குதல், மறுபடி சாவு, அப்புறம் 11ஆம் தேதி மேலிடமே விட்டுவிட்டு இறங்கச் சொல்லிவிட்டது. போர்நிறுத்தத்துக்கு அப்போது 16 நாள்தான் பாக்கி. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

ஜூலை 27 காலை 10 மணிக்குப் பான்முன்ஜோம் என்ற ஊரில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது, ஆனால் அமலுக்கு வந்தது இரவு 10 மணிக்கு. அந்த 12 மணி நேரத்திலும் பல இடங்களில் பீரங்கி ஓயவில்லை. பிறகு சட்டென்று அமைதி. 72 மணி நேரத்துக்குள் இரு தரப்பும் இரண்டு கிலோமீட்டர் பின்வாங்க வேண்டும் என்பதால், தாங்களே கட்டிய பதுங்குகுழிகளைப் பிரித்து, மரக்கட்டைகளைத் தோளில் சுமந்து கீழே இறங்கினார்கள். அப்படி இறங்கியவர் வாயில் ஜெயித்தோம் என்ற சொல் எப்படி வரும்?

சரி, வேறு சிலருக்கு மட்டும் எப்படி வருகிறது? 1975 முதல் தென்கொரியா தனக்காகச் சண்டையிட்ட இந்த வெளிநாட்டு வீரர்களை விருந்தினராக அழைத்துத் தன் நாட்டைக் காட்டுகிறது. நான்கு முறை கைமாறி இடிந்து கிடந்த சியோலை மட்டுமே அறிந்தவர், இன்றைய சியோலில் நின்று பார்க்கும்போது மனம் மாறுவது இயல்புதானே. அது பிற்பாடு கிடைத்த பதில் என்றாலும் பொய்யில்லை.

தென்கொரிய வீரர்களின் பேட்டிகளையும் தேடிக் கேளுங்கள். அவர்களுடைய அதிபர் சிங்மன் ரீ அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடவில்லை. சமாதான உடன்படிக்கை இன்றுவரை வரவில்லை. வடக்கே பிறந்து தெற்குக்காகச் சண்டையிட்டவருக்கு, அந்த இரவு 10 மணியோடு சொந்த ஊருக்குப் போகும் வழி அடைபட்டது.