வட்டியில்லாத் தவணையில் டிவி வாங்கலாமா?

காரைக்குடியில் ஒரு கடையில் 24,000 ரூபாய் டிவிக்கு மாதம் 4,000 வீதம் ஆறு தவணை, வட்டியே கிடையாது என்கிறார்கள், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பர்மா வரை போய் வட்டிக்கடை நடத்திய ஊர்க்காரர்களிடமே இந்தக் கதையா!

வட்டி இல்லாத கடன் கிடையாது. கடன் கொடுக்கும் நிறுவனத்துக்கு வட்டியை யாரோ கட்டுகிறார்கள். சில நேரம் டிவி கம்பெனியோ கடையோ தன் லாபத்திலிருந்து கொடுக்கும். பல நேரம் அது விலையிலேயே ஒளிந்திருக்கும். பூஜ்ய வட்டி என்று ஒன்று இல்லை என ரிசர்வ் வங்கியே 2013-ல் சொல்லிவிட்டது.

கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "மொத்தமாகக் கையில் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீங்க?" 1,500 குறைப்பார் என்று வையுங்கள். தவணைக்குப் பிராசசிங் கட்டணம் 500, அதற்கு 18% ஜிஎஸ்டி, ஆக 590. இரண்டையும் சேர்த்தால் 2,090 ரூபாய். ஆறு மாதத்துக்கு இவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதால், கணக்குப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 32% வட்டி. நகைக்கடனே மலிவு!

ரொக்கத் தள்ளுபடியும் இல்லை, கட்டணமும் இல்லை என்றால் சரி, தாராளமாகத் தவணையில் வாங்குங்கள். கையெழுத்துக்கு முன் ஆண்டு வட்டி விகிதம் போட்ட விவரத்தாளைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம், தவணைத் தேதியில் கணக்கில் பணம் இருக்கட்டும்; பணமில்லாமல் தவணை திரும்பினால் அபராதம், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணும் இறங்கும்.